கொக்கி மாட்டாத ஆள்

9 ஜூன் 2025, திங்கள்

நெல் மார்க்கெட் கமிட்டி வாசலில் எட்டு மணி நேரம் காவலுக்கு நின்றதில் இடது முழங்கால் வீங்கிவிட்டது. நெல் லாரிகள் உள்ளே நுழைய ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. டோக்கன் கேட்டால் டிரைவர்கள் முறைக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவனுக்கு செஞ்சியில் கிடைத்திருக்கும் அதிகாரம் ஒரு விசில்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன். "சார், நான் ஃப்ளைட் லெப்டினன்ட் ரஞ்சித். உங்க பழைய யூனிட்லேருந்து பேசறேன். எழுபத்தொண்ண ரிட்டயர் பண்றோம் சார்."

எழுபத்தொன்று என்றால் அதன் வாலில் எழுதியிருக்கும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம். மீட்பு ஹெலிகாப்டர். பதினாலு வருஷம் அதன் கதவோரம் உட்கார்ந்து கயிற்றை இறக்கி ஆள் தூக்கியவன் நான். யூனிட் வாசலில் மேடை கட்டி அதை நிறுத்தப் போகிறார்களாம். அதற்கு ஒரு சேவை வரலாறு வேண்டுமாம். "லாக்புக்ல மணியும் தேதியும்தான் இருக்கு. உங்கள மாதிரி அதுல ரொம்ப நாள் இருந்தவங்க யாருமே இல்ல சார். நீங்க எழுதிக் குடுங்க. விழாவுல நீங்களே படிக்கணும்."

சரி என்றேன். எதற்குச் சொன்னேன்?

வீட்டில் மனைவி ஜெயக்கொடிக்கு ஒரே சந்தோஷம். விழாவுக்கு எந்தப் புடவை என்பது வரைக்கும் போய்விட்டாள்.

11 ஜூன்

இரண்டு வரி எழுதினேன். கிழித்தேன்.

15 ஜூன், ஞாயிறு

லீவு. கோட்டை பார்க்க வந்த கூட்டம் பஸ் ஸ்டாண்டு வரை. வெளியே போகாமல் உட்கார்ந்து எழுதினேன்.

எழுபத்தொன்று யூனிட்டுக்கு வந்தது 1993இல். நான் ஏறியது 95இல். முதல் நான்கு வருஷம் பனிமலை. போகும்போது சாவடிகளுக்கு மண்ணெண்ணெய், திரும்பும்போது விரல் கறுத்துப்போன சிப்பாய்கள். பிறகு கடற்கரைக்கு மாற்றினார்கள். படகு கவிழ்ந்த மீனவர்கள். அதில் ஒருவர் வலையை விடவே மாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்டு மேலே வந்தார். வலைக்குள் மீன் இருந்தது. மூன்று நாள் கேபின் நாறியது. எத்தனை கழுவியும் போகவில்லை. பைலட் என்னைத்தான் திட்டினார்.

இரண்டு இன்ஜினும் நான்கு தடவை மாறின. வால் ஒரு தடவை. மேலே சுழலும் இறக்கைகள் எத்தனை மாறின என்று எனக்கே தெரியாது. வந்தபோது இருந்ததில் மிச்சம் வெளிக்கூடும் கதவுச் சட்டமும்தான். இருந்தாலும் எங்களுக்கு அது எழுபத்தொன்றுதான். என் உடம்பிலும் ஒரு முழங்கால் மாற்ற வேண்டும் என்கிறார் டாக்டர். நானும் தேவேந்திரனாகத்தான் இருப்பேன் போலிருக்கிறது.

ஆறு பக்கம் ஆனது. இரண்டாயிரத்து நாலு வரை வந்து நிறுத்திவிட்டேன்.

17 ஜூன்

எடை போடும் தனகோட்டி விஷயம் தெரிந்து காலையிலிருந்து நச்சரிக்கிறான். "ஏன் மிலிட்டரி, ஹெலிகாப்டர்ல ஹாரன் இருக்குமா?" இல்லை என்றேன். "அப்ப எதுத்தாப்புல வர்றவன் எப்டி ஒதுங்குவான்?" சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

22 ஜூன், ஞாயிறு

மேடைப் பலகையில் போடப் போகும் வரிகளை ரஞ்சித் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். பறந்த நேரம் ஆறாயிரத்து நானூறு மணி. காப்பாற்றிய உயிர் முந்நூற்றுப் பன்னிரண்டு. கடைசியாகக் கொட்டை எழுத்தில்: "தூக்கப் போன ஒருவரைக்கூட இழந்ததில்லை."

அந்தக் கடைசி வரி என்னுடையது. நான் ஓய்வு பெற்ற அன்று பார்ட்டியில் கிளாஸைத் தூக்கிச் சொன்னது. கைதட்டினார்கள். அது அப்படியே யூனிட்டில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆளின் உடம்பில் வாரைப் போட்டு, கயிற்றின் கொக்கியை அதில் மாட்டி, கீழே இருந்து கட்டைவிரல் உயர்ந்த பிறகுதான் அந்த ஆள் எங்கள் ஆள். அதற்கு ஒரு விநாடி முன்னால் என்ன நடந்தாலும் அது வெள்ளத்தின் கணக்கு, மலையின் கணக்கு. யாரும் புத்தகத்தில் எழுதிவைத்த விதி இல்லை. அப்படி வைத்துக்கொள்ளாவிட்டால் மறுநாள் கதவோரம் போய் உட்கார முடியாது.

பலகையைப் படிக்கிறவனுக்கு இந்த வழக்கம் எல்லாம் தெரியுமா?

23 ஜூன்

வரியை எடுத்துவிடச் சொல்லலாம் என்று மூன்று தடவை போனை எடுத்தேன். ஏன் என்று கேட்பாரே.

29 ஜூன், ஞாயிறு

எழுதினால் மனசு அடங்குமா பார்ப்போம்.

பத்து மணிக்கு ஒரு பெண் போன் செய்தாள். விழாவுக்குக் கூப்பிட, காப்பாற்றப்பட்டவர்களை ரஞ்சித் தேடிக்கொண்டிருக்கிறார். அவர்தான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். நல்ல மனுஷன். நல்லது செய்கிறேன் என்றுதான் செய்திருப்பார்.

"சார், என் பேரு மகாலட்சுமி. கொள்ளிடத்து வெள்ளத்துல என்னையும் எங்கம்மாவையும் கூரையிலேருந்து தூக்குனீங்க. எனக்கு அப்ப அஞ்சு வயசு. எங்க அப்பா முருகையன் மட்டும் தண்ணியில போயிட்டாரு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"உங்களுக்கு நன்றி சொல்லணும் சார். அதோட ஒண்ணு கேக்கணும். எங்களத் தள்ளிட்டு அப்பா மொதல்ல ஏறப் போனாருன்னு ஊர்ல சொல்றாங்க. எதிர் மாடியில நின்னவங்க பாத்தாங்களாம். அப்பா விழுறப்ப ஹெலிகாப்டர் விசிறிக் காத்துல அம்மா கண்ணையே தொறக்கல, அவங்களால ஒண்ணும் சொல்ல முடியல. எங்க பெரியப்பா ஜெயராமன் இருபது வருஷமா எங்க வாசப்படி மிதிக்கல. ஆவணியில எனக்குக் கல்யாணம். அப்பா இடத்துல அவருதான் நிக்கணும். 'பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு ஓடப் பாத்தவன் பொண்ண நான் தாரை வாக்கணுமா'ங்கறாரு. நீங்க மேலேருந்து நேரா பாத்திருப்பீங்கல்ல சார்? எங்கப்பா அப்படியா செஞ்சாரு?"

"ஞாபகம் இல்லம்மா. ஆயிரம் பேர பாத்துட்டேன்" என்றேன்.

"சரிங்க சார். பரவால்ல" என்று வைத்துவிட்டாள்.

எழுபத்தொன்றின் மொத்தக் கணக்கே முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஆயிரம் இல்லை. நான் தூக்கிய ஒவ்வொரு முகமும் ஞாபகம் இருக்கிறது. சீ!

2 ஜூலை

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

பறந்துகொண்டிருக்கும்போது இறக்கை காற்றைக் கடைந்து கடைந்து ஹெலிகாப்டர் உடம்பெல்லாம் மின்சாரம் ஏறி நிற்கும். கயிற்றை இறக்கினால் அது கொக்கி வரைக்கும் வரும். அதனால் கொக்கியை முதலில் தண்ணீரிலோ தரையிலோ தொடவைக்க வேண்டும். ஷாக் இறங்கிய பிறகுதான் மனிதக் கை அதில் படலாம். பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இது. நானே எத்தனை பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு எட்டுக் கூரை முடித்திருந்தோம். எட்டு தடவையும் கொக்கியைத் தண்ணீரில் தோய்த்தேன். எட்டாவதில், கயிற்றில் இறங்குகிற எங்கள் ஆளுக்குக் கை ஒடிந்துவிட்டது. கேபினில் படுத்துக் கிடந்தார். ஒன்பதாவது ஓட்டு வீடு. முகட்டில் முருகையன், அந்த அம்மா, குழந்தை. எரிபொருள் ஐந்து நிமிஷத்துக்குத்தான் என்று பைலட் சொல்லிக்கொண்டே இருந்தார். சுவர் சரிய ஆரம்பித்திருந்தது.

வெறும் வாரோடு கொக்கியை இறக்கினேன். முதலில் குழந்தை என்று விரலால் காட்டினேன். அவர் தலையாட்டினார். குழந்தையை அம்மா மடியிலிருந்து தன் பக்கம் இழுத்து, முகட்டை இறுக்கிப் பிடிக்கவைத்தார். பிறகு எழுந்து நின்று என்னைப் பார்த்தார். பிடி என்று சைகை காட்டினேன். நான்தான் காட்டினேன். அவர் கையை நீட்டினார்.

நான் தோய்க்கவில்லை. அந்த ஒரு தடவை. அவசரமா, களைப்பா, மறதியா? இருபது வருஷமாக என்னையே கேட்கிறேன்.

சின்னதாக ஒரு பொறி. கை உதறியது. முகட்டின் மறுபக்கம் சரிந்தார். இரண்டு ஓடுகள் கூடவே போயின. தண்ணீரில் ஒரு தடவை தலை தெரிந்தது. அவ்வளவுதான்.

பிறகு கொக்கியைத் தண்ணீரில் தோய்த்தேன். பிறகு!

அந்த அம்மாவுக்குச் சைகை காட்டி வாரைப் போடவைத்து இரண்டு பேரையும் ஒன்றாகத் தூக்கினேன். கேபினுக்குள் வந்ததும் அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே காட்டிக் கத்தினார். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

அன்று மாலை கேப்டன் கேட்டார், கொக்கி மாட்டியிருந்ததா என்று. இல்லை சார் என்றேன். அப்படியானால் நம்ம ஆள் இல்லை, எழுதிவிடு என்றார். கொக்கியைத் தோய்க்காததை அவரிடம் நான் சொல்லவில்லை. "கயிறு எட்டும் முன் வழுக்கி விழுந்தார்." என் கையெழுத்து.

அன்றைக்கு இருபத்து மூன்று பேரைத் தூக்கினதற்கு எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறது.

6 ஜூலை, ஞாயிறு

ஜெயக்கொடியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள்.

"இருவது வருஷமா அந்தப் பத்திரத்த நான் துணி போட்டுத் தொடச்சினு இருந்தேன். எங்கிட்ட கூட சொல்லல இல்ல?"

"சொன்னா இன்னா ஆயிருக்கும்?"

"இன்னா ஆயிருக்குமோ. நீ தனியா சுமக்காம இருந்திருப்பீங்க." கோபத்தில் நீயும் வந்தது, நீங்களும் வந்தது.

சாப்பாடு மட்டும் தட்டில் விழுந்தது.

9 ஜூலை

மூன்றாம் நாள் வாய் திறந்தாள். "அந்தப் பொண்ணுக்கு இன்னும் போன் போடலியா?"

"அது ஆத்தரத்துல யூனிட்டுக்கு எழுதிப் போட்டுட்டா? பத்திரத்த புடுங்கினாலும் புடுங்குவாங்க. ஊர்ல தலை காட்ட முடியாது."

"அந்தம்மா இருவது வருஷமா அதே ஊர்லதான தலை காட்டினு இருக்குது."



10 ஜூலை

மகாலட்சுமியிடம் பேசினேன். கமிட்டி பின்புறம், மூட்டை அடுக்கியிருக்கும் நிழலில் நின்று. ஞாபகம் இல்லை என்று சொன்னது பொய் என்று ஆரம்பித்தேன். எல்லாம் சொன்னேன். லைனில் இருக்கிறாளா என்று இரண்டு தடவை கேட்டேன். "ம்" என்றாள்.

முடித்ததும் கேட்டாள்: "அப்ப எங்கப்பா எனக்காகத்தான் கை நீட்டுனாரு?"

"ஆமாம்மா. மொதல்ல உன்னத்தான் குடுக்கப் பாத்தாரு."

"நீங்க சொல்லித்தான் நீட்டுனாரு."

"ஆமா."

போனை வைத்துவிட்டாள். லாரிக்காரன் ஒருவன் டோக்கனை நீட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான்.

20 ஜூலை, ஞாயிறு

பதில் இல்லை. எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது.

சேவை வரலாற்றை முடித்துவிட்டேன். பதினாலு பக்கம். ஒன்பதாவது கூரையையும் எழுதிவிட்டேன். பலகையின் கடைசி வரி பொய், சொன்னவன் நான் என்றும் எழுதினேன். முழுதையும் படம் எடுத்து ரஞ்சித்துக்கு அனுப்பினேன்.

21 ஜூலை

ரஞ்சித் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "சார், இத அவசியம் எழுதணுமா? இருபது வருஷம் ஆச்சு. யாரும் கேக்கப் போறதில்ல."

"கேட்டுட்டாங்க சார்" என்றேன்.

மேலே அனுப்ப வேண்டியிருக்கும், என்ன ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அனுப்புங்கள் என்றேன். பாவம், என்னால் அந்தப் பிள்ளைக்கும் வேலை கெட்டது.

1 ஆகஸ்ட்

சம்பள நாள். முழங்காலுக்கு ஊசி. மாலை மகாலட்சுமி போன் செய்தாள்.

"நீங்க சொன்னத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அம்மா கேக்கச் சொன்னாங்க."

"தர்றேம்மா. நாளைக்கே."

"உங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சுடாதீங்க. பெரியப்பா வாயில வர்ற பேச்சு நிக்கணும். அதுக்குத்தான்."

"புரியுதும்மா."

"அம்மாகிட்ட முந்தாநாள்தான் சொன்னேன். ரெண்டு நாளா சாப்பிடல. இன்னைக்குத்தான் எழுந்தாங்க." அழுகிறாளா என்று தெரியவில்லை.

2 ஆகஸ்ட், சனி

எழுதினேன். ஜெயக்கொடி பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேட்டாள். "'கொக்கியைப் பிடிக்கக் கை நீட்டினார்'னு எழுதிட்டு உட்டுட்டீங்க. புடின்னு சொன்னது நான்னு போடுங்க. இல்லாங்காட்டி அவுரே அவசரப்பட்ட மாதிரி இருக்குது." அவள் சொன்னதுதான் சரி. இத்தனை எழுதியும் கடைசியில் ஒரு வரியில் ஒளியப் பார்த்திருக்கிறேன்.

தபாலாபீஸ் மூடுவதற்குள் ஓடிப்போய் ரிஜிஸ்டர் செய்தேன். கியூவில் நிற்கும்போது முழங்கால் வலி தெரியவே இல்லை.

14 ஆகஸ்ட்

ரஞ்சித்திடமிருந்து செய்தி. பலகையிலிருந்து கடைசி வரி எடுக்கப்பட்டது. விழா தள்ளிவைப்பு, தேதி பிறகு. சேவை வரலாற்றைப் படிக்க வேறு ஆளை வைத்துக்கொள்கிறார்கள். என்னிடம் விசாரிக்க யாராவது வரலாம், வராமலும் போகலாம். கீழே தனியாக ஒரு வரி: "பதினாலு பக்கத்தையும் அப்படியே ஃபைலில் வைத்துவிட்டேன் சார். ஒன்றையும் எடுக்கவில்லை."

ஜெயக்கொடியிடம் விழா இல்லை என்றேன். "புடவ வாங்காம இருந்ததே நல்லது" என்றாள்.

23 ஆகஸ்ட், சனி

கல்யாணப் பத்திரிகை வந்தது. தபாலில். நான்கு மூலையிலும் மஞ்சள். அழைப்பவர் பெயர் ஜெயராமன் என்று இருக்கிறது. மணமகள், தெய்வத்திரு முருகையன் - ராஜம்மாள் மகள். பெயர்களை விரலை வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். கவருக்குள் வேறு ஒரு சீட்டும் இல்லை.

போவதா? இது கூப்பிடுவதா, இல்லை வெறும் தகவலா? தனகோட்டியிடம் பொதுவாகக் கேட்டேன். "பத்திரிக வந்துட்டா போவணும் மிலிட்டரி. அத்தோட கத முடிஞ்சுது" என்றான்.

4 செப்டம்பர், வியாழன்

போய் வந்தேன். நானும் ஜெயக்கொடியும். இரண்டு பஸ் மாறி, பிறகு ஒரு ஷேர் ஆட்டோ. கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டோம். தாரை வார்க்கும்போது ஜெயராமன் அழுதுவிட்டார். தண்ணீர் ஊற்றுகிற செம்பு தாம்பாளத்தில் தடதடவென்று அடித்தது. மகாலட்சுமி என்னைப் பார்த்தாள் என்றே நினைக்கிறேன். சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை.

தாலி ஏறியதும் கிளம்பிவிடலாம் என்று எழுந்தோம். வாசலில் ராஜம்மாள் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. அந்த வாயை மட்டும் எனக்கு உடனே தெரிந்தது.

"நீங்கதானா?"

"ஆமாம்மா."

சுற்றி மேளம், குழந்தைகள், யாரோ சந்தனத்துக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்த ஷாக்குல அவருக்கு வலிச்சுதா?"

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வருகிற வழியெல்லாம் அவர் என்ன கேட்டாலும் ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

"தெரியாதும்மா. மேலேருந்து மொகம் சரியா தெரியல. எனக்குத் தெரியாது."

தலையை ஆட்டினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெயக்கொடியின் கையைப் பிடித்தார்.

"பந்தி போட்டாச்சு. சாப்பிடாம போகக் கூடாது. வாங்க" என்று அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன்.

இலை போட்டார்கள். எனக்குப் பக்கத்து இலையில் ஜெயராமன் வந்து உட்கார்ந்தார். சாம்பார் வாளிக்காரன் என்னைத் தாண்டிப் போனபோது அவனைத் திரும்பக் கூப்பிட்டு, "இவருக்கு ஊத்துப்பா" என்றார்.